கோல்கீப்பருக்கு நான் கொடுத்த தொழில்

1. பிரிண்ட் எடுத்த நாள்

"நானா, இது என்ட விசா இல்ல."

அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுத் தர்ஷினி தாளை என் மேசையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெயர் அவருடையது, படம் அவருடையது, பாஸ்போர்ட் இலக்கமும் சரி. பிறகுதான் அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ்மெய்ட்' என்று இருந்தது.

தர்ஷினியின் ஊர் செங்கலடிப் பக்கம். மாவட்டப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். துபாயில் ஒரு கிளப், சனிக்கிழமை நடக்கும் அணித் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. அன்று திங்கள்.

பிழை முழுக்க என்னுடையது. ஏறாவூரில் டிராவல்ஸ் மேசையில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். ஒரு பெண் பாஸ்போர்ட்டோடு வந்து வளைகுடாவில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் போதும், என் கை தானாக அந்தச் சொல்லை அடித்துவிடும். கேட்பதே இல்லை. கிளப்பின் கடிதத்தைக்கூட வாசிக்காமல் ஸ்கேன் பண்ணி ஏற்றியிருந்தேன்.

2. ஹாஜியாரின் சமாதானம்

சத்தம் கேட்டு முதலாளி ஹாஜியார் எட்டிப் பார்த்தார்.

"அட, இதுக்கா இவ்வளவு? விசாவுல கிடக்கிறது சும்மா பேருதானே புள்ள. எங்கட மச்சான் டிரைவர் விசாவுல போய் அங்க ரொட்டி சுடுறான். அவனுக்குச் சைக்கிளும் ஓடத் தெரியா!"

அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப்பேருக்கு விசாவில் ஒரு தொழில், கையில் வேறு தொழில். ஆனால் இது அப்படி ஒப்பேற்றுகிற காரியமில்லை. ஹவுஸ்மெய்ட் என்று எழுதிய விசிட் விசாவோடு போனால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே மறித்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு எங்கே என்று கேட்பார்கள். பிள்ளை வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

தர்ஷினி அசையவில்லை.

"ஹாஜியார், எங்கட அம்மா பன்னிரண்டு வருஷம் குவைத்தில வீட்டு வேல செய்துதான் என்னைப் படிப்பிச்சவ. அந்த வேலயக் குறைச்சுச் சொல்லல்ல. ஆனா நான் பந்து புடிக்கப் போறன். அத எழுதித் தாங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். வாதத்தில் தோற்றால் அவர் அப்படித்தான் செய்வார்.

"ராசிக், கென்சல் பண்ணிட்டு மறுகா போடுங்க. பிழை நம்மட."

எனக்கு அன்று வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருட அனுபவம் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன் நான்.

3. வாங்கில் இருந்தபடி

செவ்வாயும் புதனும் பயிற்சி முடிந்த கையோடு, கிளவுசைத் தோளில் போட்டுக்கொண்டு தர்ஷினி வந்து, ஆட்கள் உட்காரும் நீள வாங்கில் இருப்பார். விசா எடுத்துத் தரும் துபாய் ஏஜென்டுக்கு நான் போன் அடிப்பேன். "பார்க்கிறேன்" என்பார் அவர். இடையில் தர்ஷினியின் கேள்விகள்.

"விசிட் விசாவுல போய்ச் சம்பளத்துக்கு விளையாட ஏலுமா நானா?"

"ஏலா. அது தேர்வுக்கு மட்டும். எடுத்தாங்க எண்டா கிளப் ஸ்பொன்சர் பண்ணி வேர்க் விசா எடுக்கணும். மறுகா இஞ்ச பணியகத்துல பதியணும்."

"படிச்சிக்கிட்டே விளையாடுறவங்க?"

"அது ஸ்டூடன்ட் விசா. முதல்ல யுனிவர்சிட்டி இடம் தரணும்."

"கடிதம் ஒண்டும் இல்லாம ஒரு ஏஜென்ட் 'வாங்க, அங்க வந்து பாப்பம்' எண்டா?"

"வீட்டுல படுத்து நித்திரை கொள்ளணும்."

அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வியாழன் மத்தியானம் விசா வந்தது. 'ஃபுட்போல் பிளேயர்' என்றிருந்ததை நான் சத்தமாக வாசித்தேன். ஹாஜியார் எதிர்க் கடையில் தொதல் இனிப்பு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். பின்னேர பஸ்ஸில் தர்ஷினி கொழும்புக்குப் போனார்.

4. பிறகு

அடுத்த செவ்வாய் போன் வந்தது.

"நானா, எடுத்துட்டாங்க! வேர்க் விசாவுக்கு அப்ளிகேஷன் பாரம் வருமாம். தொழில் எண்டு கிடக்கிற பெட்டிய மட்டும் நீங்க தொடப்படா. அத நானே எழுதுவன்."

தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். ஹாஜியார் போனைப் பறித்து, எத்தனை கோல் தடுத்தாய் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். கீபோர்டில் கை வைக்குமுன், "அங்க போய் என்ன செய்யப் போறீங்க?" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள். நான் இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன்.

போன மாதம் மூன்றாம் தடவையாக வெளிநாடு போக வந்த ஒரு பெண்ணிடமும் கேட்டேன்.

"நான் நல்லாத் தைப்பன் நானா. அதுக்கும் விசா கிடைக்குமா?"

தையல் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பனிகளுக்கு அன்றே எழுதிப் போட்டேன். முந்திய இரண்டு தடவையும் அவருக்கு 'ஹவுஸ்மெய்ட்' என்று பாரம் நிரப்பியவன் நான்தான்.