புகை எழும் கல்

உளியை எடுக்கும் முன் அந்தக் கல்தச்சர் இரண்டு விரல்களை நாக்கில் நனைத்துக்கொள்கிறார். கல்லில் செதுக்கிய சுடரின் நுனியைக் கிள்ளுகிறார். பிறகுதான் முதல் அடி. "சுடாதுதான். ஆனா சொல்லாம அணைக்கக் கூடாது பாருங்க."

கல்லறைக் கற்கள் செதுக்குவது தொழில். தம்பதிக்கு ஒரே கல், இரண்டு மெழுகுவர்த்திகள். ஒருவர் இறந்ததும் செய்யச் சொல்வார்கள். முதலில் இரண்டிலும் சுடர் செதுக்குவார். கடைசியில், உறவினர்கள் முன்னால், இறந்தவருடைய சுடரை நீக்கி அங்கே நூல்போலப் புகையை இழுத்துவிடுவார். மற்றது எரிந்தபடி இருக்கும்.

புருவம்வரை வெள்ளைத் தூள். "நான் செத்தா பவுடர் செலவு மிச்சம்."

கல்லின் தலைமாட்டில் நின்றே வேலை செய்வார். அங்கிருந்து இடது வலதாகும். கைக்கு அது பழக்கம். அவருடைய அக்காவின் கணவர் இறந்தபோது அந்தப் பக்கம் கூட்டம் நின்றது. இவர் கால்மாட்டுக்குப் போனார். கை மட்டும் பழக்கத்தின்படியே போயிற்று. தூளை ஊதிவிட்டுப் பார்த்தார். மாமாவின் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் திரியிலிருந்து புகை எழுந்தது.

அக்காதான் சிரித்தாள். "என்னை ஊதி விட்டுட்டியேடா! உங்க மாமா பாரு, ஜெகஜ்ஜோதியா இருக்காரு."

அன்றிலிருந்து அவள் கைகள் சில்லிட்டே இருக்கின்றன. திரி கருகும் வாசனை வருகிறது என்று ஜன்னலைத் திறந்து திறந்து வைக்கிறாள். காலையில் தொட்டுப் பார்த்தால் மாமாவின் நாற்காலி சூடாக இருக்கிறதாம்.

"பூனை படுத்திருக்கும்க்கா."

"நம்ம வீட்ல பூனை ஏதுடா?"

சரியாகச் செதுக்கிய வேறு கல் பட்டறையில் சாக்குக்கடியில் கிடக்கிறது. அதை நட்டால் பழையதை உடைத்தாக வேண்டும். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டார். "கல்லு உடையறப்ப அவளுக்கு ஏதாவது ஆயிட்டா? யாரக் கேக்கறது?"

வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போகிறார். ஒரு சாயங்காலம் நானும் கூடப் போனேன். மாமாவின் நாற்காலியில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, திரைச்சீலை படபடத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ச் சாத்தினார். கொக்கியையும் மாட்டினார்.

திரைச்சீலை நிற்கவில்லை.

அவர் நாற்காலியின் முன் மண்டியிட்டார். தூள் படிந்த உள்ளங்கைகள் இரண்டையும் குவித்து, தொட்டுவிடாமல், அக்காவின் முகத்தைச் சுற்றிக் காற்றை மறைத்துக்கொண்டார்.