படத்தில் இல்லாத பக்கெட்

எங்கள் பிளாக்கில் ஐந்தாவது மாடியில் இருக்கும் முனியம்மாள் காலை ஆறரை மணிக்கே பஸ் பிடித்துவிடுவார். பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு போய் இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். அங்கே ஒரு தனியார் ஓவிய அருங்காட்சியகத்தில் மூன்றாம் அறைக்கு அவர்தான் காவல். படங்களை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடமாக அதுதான் வேலை. படங்களை அவர் பார்த்ததில்லை. வருகிறவர்களின் கைகளைத்தான் பார்ப்பார்.

போன தை மாதம் அந்த அறையில் புதிதாக ஒரு படம் மாட்டினார்கள். கோட்டூர்புரத்தில் இறந்துபோன ஒரு டீச்சரம்மாவின் வீட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்ததாம். தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த குடங்களைக் கறுப்பு மையில் வரைந்திருந்தார்கள். பக்கத்தில் ஒட்டிய சீட்டில் ‘ஓவியர் பெயர் தெரியவில்லை’ என்று இருந்தது.

முனியம்மாள் முதல்முறையாக ஒரு படத்தின் முன்னால் அசையாமல் நின்றார். ஒவ்வொரு குடத்திலும் ஒரு குறி இருந்தது. மூன்று புள்ளி, பிறை, ஏணி, நட்சத்திரம். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் தண்ணீருக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். எது யாருடையது என்று சண்டை வராமலிருக்க வீட்டுக்கு ஒரு குறி. அந்தக் குறிகளைப் பெயிண்டில் போட்டுக் கொடுத்தவர் முனியம்மாளின் கணவர் துரைராஜ். கடை ஷட்டர்களில் பெயர் எழுதுவது அவர் தொழில். வீடுகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அதற்கு மறுவருடம் இறந்துபோனார். நட்சத்திரம் அவர்கள் வீட்டுக் குறி.

படங்களுக்குப் பொறுப்பான நிஷாவிடம் முனியம்மாள் ஓடினார்.

“மேடம், இது எங்க தெரு லைனு. எங்க வூட்டுக்காரருதான் போட்டுக்கீறாரு.”

“நல்லாத் தெரியுமாக்கா?”

“எங்க தெருவுல பிரஷ்ஷு புடிச்சவரு அவரு ஒருத்தர்தான் மேடம்.”

நிஷா குறிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் சீட்டு மாறியது. ‘துரைராஜ், சைதாப்பேட்டை.’

பதினெட்டு வருடம் அடுத்தவர் பெயரையே எழுதிய மனிதர் அவர். எங்கேயும் அவர் பெயர் இருந்ததில்லை. முனியம்மாள் தினமும் வந்ததும் அந்தச் சீட்டைத் துணியால் துடைப்பார். யாராவது நின்று படித்தால், “எங்க வூட்டுக்காரரு” என்பார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போவார்கள்.

சித்திரையில் அருங்காட்சியகம் தன் படங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட ஏற்பாடு செய்தது. எந்தக் குடம் எந்த வீட்டுடையது என்று நிஷா கேட்டார். முனியம்மாள் தெருமுனையிலிருந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். “மூணு புள்ளி அம்சாவுது. பிறை ஹாஜிரா பீயுது. ஏணி ஜானுவுது.” படத்திலிருந்த பதினான்கு குடமும் முடிந்ததும் நின்றுவிட்டார்.

“அவ்வளவுதானாக்கா?”

“அவ்ளோதான் மேடம்.”

ஆனால் தெருவில் வீடு பதினைந்து. கடைசி வீடு அன்புக்கரசியுடையது. அவளுக்குக் குடம் கிடையாது, மீன் குறி போட்ட பழைய பெயிண்ட் பக்கெட்தான். லாரி வரும்வரை அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு நோட்டு இருக்கும். அந்தக் கோட்டூர்புரத்து டீச்சரம்மா தெருவில் நடத்திய மாலை வகுப்புக்குப் போகிறவள், பாடம் எழுதுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முனியம்மாள் மறுபடி படத்தைப் பார்த்தார். மீன் குறி அதில் இல்லை. நின்றுகொண்டு பார்த்தால் குடத்தின் வாய் வட்டமாகத் தெரியும். படத்தில் எல்லா வாயும் ஒடுங்கிய கீற்றாக இருந்தன, தாழ உட்கார்ந்து பார்த்தது போல. துரைராஜ் ஒருநாளும் தண்ணீர் வரிசைப் பக்கம் வந்ததில்லை. லாரி வரும் நேரத்தில் அந்தத் தெருவின் ஆண்கள் எல்லோரும் டீக்கடையில் இருப்பார்கள். இது முனியம்மாளுக்கு எப்போதுமே தெரிந்த விஷயம்தான்.

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் கணவர் பெயர் சுவரை விட்டுப் போய்விடும்.

புதன்கிழமை வேலை விட்டு வந்ததும் எதிர் பிளாக்கில் ஏழு மாடி ஏறினார். லிஃப்ட் ஓடவில்லை. அன்புக்கரசி நாலு வீட்டு வேலை முடித்து வந்து வெறுந்தரையில் படுத்திருந்தாள்.

“ஏண்டி, தண்ணி லைன நீ படமா போட்டியா?”

“எந்தப் படம்? ஓ, அதுவா. டீச்சரம்மா கேட்டாங்க, குடுத்துட்டேன். இன்னாத்துக்குக்கா இப்ப?”

“கண்ணாடி போட்டு மாட்டிக்கீறாங்க. எங்க வூட்டுக்காரரு பேரு போட்டுக்கீது. நான்தான் சொன்னேன்.”

அன்புக்கரசி படுத்தபடியே சிரித்துவிட்டாள். “அண்ணனா? அது எந்தக் காலத்துல லைனுக்கு வந்துச்சு?”

முனியம்மாளும் சிரித்தார்.

“வுடுக்கா. எம்பேரு வந்தா மட்டும் நாளைக்கு வேலைக்கிப் போவாம இருக்கப் போறனா? அண்ணன் பேரே இருந்துட்டுப் போவட்டும்.”

“நீ சொல்ட்டே. எட்டு மணி நேரம் அதும் முன்னாடி நிக்கறது நானு.”

மறுநாள் நிஷாவிடம் சொன்னார்.

“அக்கா, நீங்கதானே அவர்னு சொன்னீங்க?”

“நான்தான் மேடம். தப்பா சொல்ட்டேன்.”

நிஷா கண்களை மூடித் திறந்தார். திட்டவில்லை. படத்தில் இல்லாத பக்கெட்டைப் பற்றி இரண்டு முறை கேட்டுக்கொண்டு, அன்புக்கரசியின் நம்பரை வாங்கினார். அச்சகத்துக்கு போன் செய்து ஒரு பக்கத்தை நிறுத்தச் சொன்னார். “புதுச் சீட்டு திங்கட்கிழமைதான் வரும். பழையதை எடுக்கச் சொல்லிடறேன்” என்றார்.

“நானே எடுத்துர்றேன் மேடம்.”

நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக இழுத்தார். பசை விட நேரமானது. சீட்டு மடங்காமலிருக்க டிபன் பாக்ஸ் மூடியின்மேல் வைத்து, பையில் நேராகச் சொருகினார்.

மத்தியானம் ஒரு பெண் வந்து அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். சுவரில் பெயரைத் தேடினாள்.

“இது யார் வரைஞ்சதுங்க?”

முனியம்மாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்.

“அன்புக்கரசின்னு ஒரு பொண்ணு. எங்க தெருதான்” என்றார்.