வயிற்றில் வைத்த மருந்து

உடம்பு இளைப்பதற்காக இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு சென்னையிலிருந்து வடக்கனந்தலுக்குத் திரும்பினேன். கணவரைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு. இளைத்தால் எல்லோரும் மெச்சுவார்கள் என்று நினைத்த மடச்சி நான். எங்கள் ஊரில் இளைத்தவளை மெச்ச மாட்டார்கள், காரணம் தேடுவார்கள்.

நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணி, சோத்துல யாரோ உனக்கு செய்வினை மருந்து வச்சிட்டாங்க. அதான் ரெண்டு வாய்க்கு மேல எறங்கல."

வைத்தவள் யாரென்றும் அவளுக்குத் தெரியும். என் கொழுந்தன் மனைவி. அவள் வீட்டில்தானே கறிக்குழம்பு சாப்பிட்டேன்.

சொல்லிவிடலாமா என்று யோசிப்பதற்குள், கல்வராயன் மலையடிவாரத்தில் மருந்து எடுப்பவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் என் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு முடி உருண்டையைத் துப்பினார். அவ்வளவு பெரிய உருண்டைக்கு உள்ளே இடமே கிடையாது.

கொழுந்தன் மனைவி பாவம். திரும்பும்போது பஸ்ஸிலேயே நாத்தனாரிடம் ஆபரேஷனைச் சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்கிற வவுத்த எவளாவது காசு குடுத்து அறுத்துக்குவாளா? அவள காப்பாத்தப் பாக்காத அண்ணி."

வீட்டுக்கு வந்ததும் புடவையை விலக்கித் தழும்புகளைக் காட்டினேன். நாத்தனார் குனிந்து, தொட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"பாரு, எப்பிடி பொத்துக்கினு வந்துகீது அந்த மருந்து."