நான் குடிக்காத தண்ணீர்

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுப்பதால் வரும் மாசைக் குறைக்க வழி தேடி, உலோகவியல் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். மதுராந்தகம் பக்கம் அப்படியொரு பட்டறைக்குப் பின்னால் குடியிருந்த செல்வி அக்கா வீட்டு போர் தண்ணீரைப் பரிசோதித்தேன். ஈயம் கலந்திருந்தது. வெளியே தெரிந்தால் பட்டறையை மூடிவிடுவார்கள், அங்கே செய்யவிருந்த என் ஆய்வு நின்றுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

உதவித்தொகை நேர்காணலில் காட்டப் பட்டறையைப் படம் எடுக்கப் போனபோது அக்கா செம்பை நீட்டினார். "வெயில்ல வந்துகீற, குடி கண்ணு."

தாகமில்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு உதடு காஞ்சிகீது?" என்று சிரித்தபடி, அந்தத் தண்ணீரை இடுப்பிலிருந்த குழந்தைக்குப் புகட்டினார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

உதவித்தொகை கிடைத்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக் குடிக்கிறேன். ஒரு மடக்குகூட லேசில் இறங்குவதில்லை.