அப்பா அவிழ்த்த மஞ்சள் முடிச்சு

அப்பாவின் இந்த நினைவு மலரின் அட்டைக்கு எந்தப் படத்தைப் போடுவது என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தி, நெற்றி நிறையத் திருநீற்றோடு அப்பா நிற்கும் படம்தான் வேண்டும் என்றார் செமினியிலிருந்து வந்து அம்மாவோடு தங்கியிருக்கும் அத்தை. கறுப்புக் கண்ணாடி அணிந்து காரில் சாய்ந்து நிற்கும் படத்தைத் தம்பி எடுத்து வைத்தான். இருவரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தம் கைப்பேசியிலிருந்து வேறொரு படத்தைக் காட்டினார். பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் வாழையிலைக்கு முன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் திருநீறு, வாய் நிறையச் சோறு, கண்ணில் சிரிப்பு. அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். நினைவு மலருக்கு இப்படியொரு படமா என்று நினைப்பவர்களுக்காகவே, மூத்த மகளாகிய நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். வீட்டுக்கு மூத்த பிள்ளை. தாத்தா இளம் வயதிலேயே காலமாகிவிட்டதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். பிறகு கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் தமக்கென்று ஒரு வாழ்க்கையை யோசித்தார். அப்போது அம்மா சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே சரக்கு எடுக்க வரும் அப்பாவின் லோரி மட்டும் கிளம்பவே கிளம்பாதாம். சரக்கு ஏற்ற இவ்வளவு நேரமா என்று அம்மாவின் தோழிகள் கேலி செய்வார்களாம். அந்தத் தாமதம் கல்யாணத்தில் முடிந்தது.

சொந்த லோரி வாங்கிக் கொஞ்சம் நிமிர்ந்ததும், அப்பாவுக்கு ஆசைகள் வந்தன. நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம், கடைசியில் ஒரு ஜெர்மன் கார். சின்ன வயதில் ஒன்றுமே கிடைக்காதவருக்கு அந்த ஆசை வந்ததில் எந்தத் தப்பும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தக் காருக்குள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க எங்களில் ஒருவருக்கும் அனுமதி கிடையாது.

பக்தியிலும் அவர் குறைந்தவரில்லை. தைப்பூச விரதம் தொடங்கிவிட்டால் வீடே அடங்கிவிடும். யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூடாது. வெங்காயம் நறுக்கும் கத்திகூடத் தனி. விரதம் முடிந்த மறுநாளோ ஆட்டுக்கறி, நண்டு என்று சமையலறை அதிரும். அப்பாவின் ஆசையும் பக்தியும் பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலே குடியிருந்தன. இதில் சாமியும் பாவம், வயிறும் பாவம் என்று அம்மா சிரிப்பார்.

அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் எல்லாம் மாறியது. பிழைப்பது உறுதியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, முருகன் படத்தில் கட்டிவிட்டு வேண்டிக்கொண்டார். அவள் பிழைத்தால் போதும், இனி எனக்கு எதுவுமே வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்பது வேண்டுதல்.

அம்மா பிழைத்து வீடு வந்தார். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நம்மவர்கள் வேண்டுதலுக்கு ஓர் எல்லை வைப்பார்கள். இந்த ஆண்டு பால்குடம் எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்பார்கள். அதைச் செய்து முடித்ததும் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டுவிடுவார்கள். அப்பா பயத்தில் எல்லையே வைக்காமல் வேண்டிவிட்டார். அதனால் அந்த முடிச்சு சாமி படத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

காரை விற்றார். சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் உப்புக் குறைத்து. முன்கூடத்தில் பாய் விரித்துத் தனியாகப் படுத்தார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். தொலைக்காட்சி துணி போர்த்திக்கொண்டு நின்றது. வந்து பார்த்த உறவினர்கள் அவர் சித்தராகிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொள்வார். இப்படி ஒருவர் எதிரே இருக்கும்போது தலையில் பூ வைக்கவே கூச்சமாக இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். உயிர் பிழைத்து வந்தவருக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடலாமா என்றுகூட அவர் கேட்டுவிட்டார்.

அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. நானும் தம்பியும் போயிருந்தோம். அம்மா பாயசம் செய்து, சாப்பிட உட்கார்ந்த அப்பாவின் இலைக்குப் பரிமாறக் கிண்ணத்தோடு வந்தார். அப்பா இலையைக் கையால் மறைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மா கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சாமி படத்திலிருந்து மஞ்சள் முடிச்சைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"என்னைக் காப்பாத்திக் கொடுன்னு கேட்டீங்க. சாமி கொடுத்தாரு. கொடுத்தத நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்றீங்களே?"

"உனக்காகத்தானேம்மா எல்லாத்தையும் விட்டேன்" என்றார் அப்பா.

"அந்த எல்லாத்துலயும் நானும் ஒருத்திதாங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இத அவுத்தா உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கும்மா."

அதுவரை நாங்கள் பக்தி என்று எண்ணியிருந்ததில் பாதிக்குமேல் பயம்தான் என்று அன்றுதான் தெரிந்தது. அன்று மாலையே நாங்கள் எல்லோரும் கிள்ளானில் உள்ள எங்கள் வழக்கமான கோயிலுக்குப் போனோம். குருக்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அம்மா நலமாக வீடு திரும்பியதும் சாமியிடம் வந்து நன்றி சொன்னீர்களா என்று விசாரித்தார். அப்பா விழித்தார். கேட்டதோடு சரி, கிடைத்துவிட்டது என்று அவர் சொல்லவே இல்லை. அப்படியானால் இன்றைக்குச் சொல்லி முடித்துவிடுங்கள் என்று குருக்கள் அப்பா அம்மா இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்தார்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. தம்பி உதவப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அப்பாவே நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார். போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அங்கேதான் நின்றார், நன்றாகவே நின்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அப்பா கேட்டது இதுதான்: "பசிக்குதா?"

அதன் பிறகு வாழ்ந்த அப்பாவைத்தான் இந்த மலர் நினைவுகூர்கிறது. காலையில் குளித்துத் திருநீறு பூசிச் சாமி கும்பிடுவார். உடனே வந்து அம்மாவோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறியை விடவில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடமும் எடுத்தார். இந்த முறை என்ன வேண்டுதல் என்று கேட்டால், ஒன்றுமில்லை, சும்மா பார்க்கப் போகிறேன் என்பார். பழைய கார் ஒன்றை வாங்கினார். அதில் நாசி லெமாக் என்ன, வாடை வீசும் டுரியான் பழமே சாப்பிடலாம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தம் லோரியில் வேலை செய்த பிள்ளைகளைத் தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துத் தாமே பரிமாறுவார். சனிக்கிழமை ஆனால் அம்மாவோடு பிரிக்ஃபீல்ட்ஸ் போய்விடுவார். நல்ல சட்டையும் திரும்ப வந்தது. ஆசையைக் கண்டு அவர் பயந்து ஓடவும் இல்லை, அதன் பின்னால் ஓடவும் இல்லை. அப்பா அவ்வளவு நிம்மதியாக இருந்து நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

கடைசியாக அவர் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தது, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு மாம்பழ நிறப் பட்டு. இந்த வயதில் இந்த நிறமா என்று அம்மா வெட்கப்பட, கடைக்கார பாயையே பஞ்சாயத்துக்கு இழுத்து ஜெயித்துவிட்டு வந்தார். தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் நோயில் படுத்துவிட்டார்.

மருத்துவமனையில் அவர் நிலை மோசமானபோது, தம்பி மஞ்சள் துணியோடு வந்து நின்றான். தன் மோட்டார் சைக்கிள், கறிச்சோறு எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக வேண்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அப்பா துணியைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

"எனக்காக யாரும் எதையும் விட வேணாம்பா. நல்லா கொடுத்தீங்கன்னு மட்டும் சாமிகிட்ட போய்ச் சொல்லிட்டு வா."

தம்பி போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அப்பா ஒரு விடியற்காலையில், அம்மாவின் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அந்த நாள்களில் அவரைக் கவனித்த தாதியர், சோறு கட்டிக்கொண்டு வந்த அண்டை வீட்டு அக்காமார், பாடையைத் தோளில் சுமந்த லோரிப் பிள்ளைகள், ஓராண்டாக அம்மாவைத் தனியே விடாத அத்தை ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களை எங்களால் மறக்க முடியாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஓராண்டும் அம்மா அந்தப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. இன்று திதி முடிந்ததும் அதைக் கட்டிக்கொள்வேன் என்றார். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று அத்தை முதலில் தயங்கினார். பிறகு அவரே கடைக்குப் போய் இன்றைக்கு மல்லிகை வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே, விருந்துக்கு அமர்ந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, மாம்பழ நிறப் பட்டும் பூவுமாக அம்மா பாயசத்தோடு உங்கள் பக்கம் வருவார். அப்போது, வேண்டாம் என்று இலையை மட்டும் கையால் மறைத்துவிடாதீர்கள்.