கிதாருக்குத் தண்ணி காட்டிய வீடு

ஸ்பிரிட் வாடை போகாத கையால், பழைய வார்டுத் துணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு, அம்மா கிதார்க் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவித் துடைக்கும்போது ‘கீச்’சென்று ஒரு சத்தம் எழும், அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அம்மா சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க, வெடிக் கம்பெனிகளிலிருந்து தீக்காயத்தோடு தூக்கி வரப்பட்டவர்களின் அலறலை ராத்திரி முழுக்கக் கேட்டுவிட்டுக் காலையில் வீட்டுக்கு வருவாள். அப்படியே படுத்தால் கண் மூடாது. அரை மணி நேரம் கிதாரை மடியில் வைத்து ஏதாவது ஜெபப் பாட்டை மீட்டினால்தான் தூக்கம் வரும். நர்ஸ் படிப்பில் கூடத் தங்கியிருந்த அசாம்காரத் தோழி ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கிதார் அது. அம்மாவுக்குத் தூக்க மருந்தே அதுதான்.

அதைப் பேணுவது கைக்குழந்தையைப் பேணுகிற பாடு. வாசித்து முடித்ததும், “முறுக்கைத் தளத்திப் போடணும் தாயி, இல்லாட்டி கட்டை தாங்காது” என்று சொல்லிக்கொண்டே கம்பிகளைத் தளர்த்துவாள். கோடையில் ஓட்டை போட்ட சோப்புப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சை அடைத்துக் கிதாரின் பைக்குள் வைப்பாள். எங்கள் ஊர் வெயிலுக்கு மரம் ஈரமில்லாமல் வெடித்துவிடும் என்ற பயம். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஆயா ராக்கம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏக்கா, மாட்டுக்குத்தான் தண்ணி காட்டுவாக, நீங்க கிதாருக்குல்ல தண்ணி காட்டுறீக!” என்று சிரித்துச் சிரித்து மாய்ந்துபோவாள்.

அப்பாவுக்கு இந்த ஈரச் சமாச்சாரமே ஆகாது. அவர் வெடிக் கம்பெனியில் ஃபோர்மேன். ஈரம் பட்டால் சரக்கு நமத்துப்போகும் என்பதால், வானத்தில் மேகம் கூடினாலே அவர் முகமும் கறுத்துவிடும். “வெயில்தான் நமக்குச் சோறு போடுது” என்பார்.

ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, சுவரில் தொங்கிய கிதார் பையோடு நனைந்துவிட்டது. வார்டு நிறைந்துகிடந்ததால் அம்மா இரண்டு நாளாக வீட்டுக்கே வரவில்லை. “ஐயையோ, அவ வந்து பாத்தா மனசு விட்டுப் போவாளே” என்று அப்பா பதறினார். மறுநாள் நல்ல வெயில் அடிக்கவும், கிதாரைச் சைக்கிளில் கட்டிக் கம்பெனிக்குக் கொண்டுபோய், வெடி காயப்போடும் களத்தின் ஓரத்தில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார். அதோடு விட்டாரா? திரி நூலை விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் கோணாமல் வரும் என்பது அவர் தொழில் பாடம். அதே கணக்கில், அம்மா தளர்த்தி வைத்திருந்த கம்பிகளையெல்லாம் முறுக்கோ முறுக்கென்று முறுக்கிவைத்தார். சரக்கைப் புரட்டுவதுபோல மறக்காமல் புரட்டியும் விட்டாராம், பாவம்.

உச்சி வெயிலில் ‘டப்’பென்று ஒரு சத்தம். வெடித்துவிட்டது என்று களத்தில் இருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு வேலிக்கு அப்பால் ஓடினார்கள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கிதாரின் கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை மேல் பலகையைப் பிளந்துகொண்டு எழுந்து நின்றது.

அப்பா கம்பெனி மைதாப் பசையைத் தடவிச் சணலால் கட்டி எடுத்துவந்தார். அம்மா வந்தாள், பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “நீங்க சாப்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்டாள். கம்பியை முறுக்கினால் பசை விட்டது. மறுபடி ஒட்டினால் மறுபடி விட்டது. மதுரைக் கடைக்காரரோ மேல் பலகை மொத்தத்தையும் மாற்ற வேண்டும், தன்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா தூங்கவில்லை. பகலெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்துவிட்டு, சாயங்காலம் தலையைச் சீவிக்கொண்டு மறுபடி டூட்டிக்குப் போனாள். கன்னம் ஒட்டிப்போனது. எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பி நின்ற அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் மீட்டும் ஜெபப் பாட்டைப் பாட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் மற்றவர்கள் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிற மனுசன்! சுருதி ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “போதும் சாமி, நான் தூங்கிர்றேன், நீங்க கம்பெனிக்குப் போங்க” என்றாள். அப்பா போகவில்லை, இரண்டாவது பாட்டையும் பாடினார். அது முடிவதற்குள் அம்மா உறங்கிப்போயிருந்தாள். அன்றிலிருந்து முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அவர் தாமதமாகத்தான் வேலைக்குப் போனார்.

குவார்ட்டர்ஸை இடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் நர்ஸாகவே வேலை பார்த்து ஓய்ந்து, முழங்கால் வலியோடு விருதுநகரில் இருக்கிறேன்; தொண்ணூறு தாண்டிய அம்மா என்னோடு இருக்கிறாள். அவளுக்கு மறுபடியும் தூக்கம் வருவதில்லை. மாத்திரை போட்டும் பலனில்லை. போன வாரம் மத்தியானம் என் மகள் செல்போனில் யாரோ வாசித்த கிதாரை அம்மாவின் காதோரம் வைத்தாள். அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதேயில்லை. அம்மா கடைசி வரைக்கும் கேட்டாள்.

“எம்புட்டு நல்லா வாசிக்கிறான்!” என்றாள் என்னைப் பார்த்து. “அணைச்சிரு தாயி. உங்கப்பா இருந்தா ரெண்டு பாட்டுக்குள்ள தூங்கியிருப்பேன்.”