இன்னைக்கு நிச்சயம் கெளம்புறேன்

லீவு முடிந்து நாரணாபுரத்திலிருந்து கிளம்பும்போது மாமனார் கேட்டார், "இந்தத் தடவை எங்க போடுறாக மாப்ள?"

"லே, மாமா."

எங்கள் பக்கம் லே போட்டுப் பேசுவது கூட்டாளியிடம் மட்டும்தான். அவர் முகம் சுண்டிவிட்டது. லடாக்கில் லே என்று ஓர் ஊர் இருப்பதை என் மனைவி செல்போனில் காட்டிய பிறகுதான் காப்பியைக் கையில் எடுத்தார்.

சண்டிகர் வரை ரயில். அங்கே ராணுவ கேம்ப்பில் காத்திருந்து விமானம் ஏற வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவளுக்குத் திருத்தங்கல் அச்சகத்தில் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்கிற இடம். கிளம்பும் காலையில் போன் செய்தேன். மெஷின் சத்தத்தையும் மீறி அழுதாள்.

"இன்னைக்கு நிச்சயம் கெளம்புறேன். உடம்பப் பாத்துக்க" என்றேன்.

மேலே பனி. விமானம் ரத்து. மூட்டையோடு கேம்ப்புக்கே திரும்பினோம்.

மறுநாளும் விடைபெற்றேன், அழுதாள், பனி. அதற்கடுத்த நாள் மூக்கை மட்டும் உறிஞ்சினாள். பிறகு வெறும் "ம்".

"சபையில பாஸ்டர் கேக்காரு," என்றாள் ஒருநாள். "நீங்க போகணும்னு ஜெபிக்கவா, போகக் கூடாதுன்னு ஜெபிக்கவான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆண்டவர் சித்தம்னுட்டேன்."

அன்று சாயங்காலம் கேம்ப் வாசலில் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. ஒரே வெடிச் சத்தம். மற்றவர்கள் மாப்பிள்ளையின் குதிரையைப் பார்க்க, நான் ரோட்டில் கிடந்த காலிப் பெட்டியைப் பொறுக்கினேன். மயில் போட்ட லேபிள். போன சீசனில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய அதே மயில்! நெஞ்சு உருகிப்போய் வீடியோவில் அழைத்தேன்.

"பாரு, உன் கை பட்டது."

"கிட்டக் காட்டுங்க." உற்றுப் பார்த்தாள். "அட, மஞ்சள் தூக்கலா இருக்குன்னு திருப்பி அனுப்புன லோடுல்ல இது! இத எவன் அங்கன வரைக்கும் அனுப்புனான்?"

அப்புறம் பேசியதெல்லாம் மஞ்சளைப் பற்றித்தான். பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு காலை வானம் பளிச்சென்று இருந்தது. "இன்னைக்கு நிச்சயம் கெளம்புறேன்."

"சரி சரி, மத்தியானம் கூப்பிடுங்க. ஆர்டர் நெருக்குது" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு விமானம் பறந்தது. லேயில் இறங்கியதும் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. போனில் சிக்னல் கிடைக்கச் சாயங்காலம் ஆனது.

"வந்து சேந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரே அழுகை. "சொல்லாமப் போயிட்டீகளே!"

"காலையில சொன்னேனே!"

"அது நீங்க தினமும் சொல்லுறதுதான?"

இத்தனை நாள் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள். பொய் சொல்வானேன், கேட்க எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. நடுவில் மூச்சு விட நிறுத்தி, "சாப்பிட்டீகளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றதும் மறுபடி ஆரம்பித்தாள்.